ஒரு நாளைக்கு ஒரு அறை

அக்காவின் வீட்டில் எப்போதும் ஒரு விருந்தாளி தங்கியிருந்தார். அவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் இன்றைக்கு அவர் எந்த அறையில் படுத்திருக்கிறார் என்பது எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். விடிந்ததும் வேலிக்கு மேலால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

“என்னக்கா, வந்தவர் இண்டைக்கு எங்கை?”

“வலது மணிக்கட்டில, தம்பி. விடியிறதுக்கு முதலே வந்து பாயை விரிச்சிட்டார். தேத்தண்ணி குடுத்தும் எழும்புறாரில்லை.”

பிள்ளைகளே, அந்த விருந்தாளி ஒரு வருத்தம், ஒரு நோய். அக்காவின் உடம்புதான் வீடு. மணிக்கட்டு ஒரு அறை, முழங்கால் ஒரு அறை, தோள் ஒரு அறை. மூட்டுவாதம் என்று நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் சொன்ன அந்த வருத்தத்தை அக்கா ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நோகுது’ என்ற சொல்லையும் அவர் வாயில் நாங்கள் கேட்டதில்லை. ‘வந்தவர்’ என்றுதான் சொல்லுவார், தூரத்து ஊரிலிருந்து வந்துவிட்டுத் திரும்பிப் போக மனமில்லாமல் இருக்கிற ஒரு பெரிய மனிதரைச் சொல்வதுபோல.

அக்கா என்றால் என்னுடன் கூடப்பிறந்தவர் அல்ல. நானும் உங்கள் அம்மாவும் கலியாணம் முடித்த புதிதில், திருகோணமலையில் உட்துறைமுகம் தெரிகிற ஒரு ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். அவர் அடுத்த வளவில், வேலிக்கு மற்றப் பக்கத்து வீட்டில், இருந்தார். உங்களில் ஒருவரும் அப்போது பிறக்கவில்லை. அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், பேரனும் இருக்கிறான். அவர்கள் சம்மதிப்பார்களோ தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்கள் திருத்தி வாசியுங்கள்.

நான் அப்போது கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போய்வருகிற மோட்டார்ப் படகில், லாஞ்சியில், எஞ்சின் பார்த்தேன். மழைக்காலத்தில் ஆட்கள் நனையாமல் இருக்க லாஞ்சியின் இரண்டு பக்கமும் தடித்த கன்வஸ் திரை தொங்கும். காற்று அதைக் கிழித்துவிடும். அக்காவிடம் கைப்பிடி சுற்றித் தைக்கிற ஒரு மெசின் இருந்தது. கிழிந்த திரையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போவேன். அக்கா அதை விரித்துப் பார்ப்பார், பிறகு தன் கையைப் பார்ப்பார். மூட்டுக்கள் எல்லாம் வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாக ஒருமிக்கச் சாய்ந்திருக்கும், கச்சான் காற்றுக்குச் சாய்ந்த தென்னம்பிள்ளைகள் மாதிரி.

“நாளைக்கு வாங்கோ தம்பி. வந்தவர் இண்டைக்குக் கைப்பிடி சுத்திற கையில படுத்திருக்கிறார். நித்திரை கொள்ளுற ஆளை உலுக்கிறது சரியில்லை.”

“நாளைக்கு எழும்புவாரோ?”

“எழும்புவார். அவர் ஒரு நாளைக்கு ஒரு அறைதான். அவ்வளவுக்கு மரியாதை தெரிஞ்ச ஆள்.”

அடுத்த நாள் போனால் திரை தைத்து மடித்திருக்கும். வலது கை வசப்படாவிட்டால் இடது கையால் சுற்றித் தைத்திருப்பார். தையல் கொஞ்சம் அலையடித்திருக்கும். லாஞ்சியின் தண்டையல் அதைப் பார்த்துவிட்டு, “கடலுக்குப் பொருத்தமான தையல்” என்பார். தண்டையல் என்றால் லாஞ்சியை ஓட்டுகிற தலைவர். மூதூர் மனிதர், வயதாளி. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம்.

காலைநேரத்து அக்காதான் எனக்கு இப்போதும் கனவில் வருகிறார். எழும்பினவுடன் அவருடைய மூட்டுக்கள் திறக்காது. பூட்டுப் போட்டதுபோல இறுகிக் கிடக்கும். வெயில் நன்றாக ஏறினபிறகுதான் ஒவ்வொன்றாக இளகும். அதுவரைக்கும் குசினி வாசலில் பலகைக் கட்டையில் இருந்துகொண்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இரண்டு கைகளையும் அமிழ்த்திவைத்திருப்பார். சட்டியிலிருந்து ஆவி எழும்பும். அவருக்கு முன்னால் துறைமுகத்திலிருந்தும் ஆவி எழும்பும். பனிமூட்டத்துக்குள் கப்பல்கள் நிற்கிற இடம் தெரியாது, கொடிமரங்கள் மட்டும் தண்ணீரில் முளைத்ததுபோல நிற்கும். ஒழுங்கைக்குள் ஊர்மான்கள் இரண்டு மூன்று வந்து, வேலியோரத்து இலைகளைத் தின்றுவிட்டு, சத்தமில்லாமல் போகும். அக்கா அசையமாட்டார். மான்களுக்கும் அவர் ஒரு மரம்தான். வெயில் மூட்டத்தைக் கரைக்கக் கரைக்க, கப்பல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அக்காவின் விரல்களும் அப்படியே ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விரியும். எது எதைத் திறக்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டு நிற்பேன். நேரம் போவது தெரியாது. உங்கள் அம்மா உள்ளேயிருந்து, “லாஞ்சி உங்களுக்காகப் பார்த்துக்கொண்டு நிக்காது” என்று சத்தம் போடுவாள்.

பின்னேரத்தில் அவருடைய வீட்டில் வேறொரு காட்சி. அக்காவின் புருசனை நான் அத்தான் என்பேன். துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்துக்கொண்டு வருகிற டக்போட்டில் வேலை. நாள் முழுக்க ஈரக்கயிறு இழுத்த உள்ளங்கைகள் மரப்பட்டை மாதிரி இருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். முகம் கழுவி, சுருட்டு ஒன்று பற்றவைத்து, அது முடிந்ததும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து அக்காவுக்கு முன்னால் குந்துவார்.

“இண்டைக்கு எந்த அறை?”

“இடது முழங்கால்.”

“நேற்று வலது தோள் எண்டனீ.”

“நேற்று நேற்று. இண்டைக்கு இடம் மாறிட்டார்.”

அத்தான் எண்ணெயைச் சூடாக்கி, அந்த ஒரு மூட்டை மட்டும் ஆற அமரத் தடவுவார். பிறகு வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம். மற்ற இடம் ஒன்றையும் தொடமாட்டார். அங்கேதான் ஆள் இல்லையே. தன் கடமையை முடித்த திருப்தியோடு அவர் எழும்புவார். அக்கா, “போதும், வந்தவர் குறட்டை விடத் துவங்கிட்டார்” என்று சிரிப்பார்.

இதைப் பார்த்து நாங்களும் சிரித்தோம். வருத்தத்தை இப்படி வைத்திருக்க யாருக்கு வரும் என்று ஒழுங்கைப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். தலையிடி என்று முனகுகிற என்னை உங்கள் அம்மா, “அடுத்த வளவைப் பார்த்துப் படியுங்கோ” என்று குத்திக்காட்டுவாள். அக்காவின் பகிடி எங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. பிடித்ததாலேயே அதை நம்பியும் விட்டோம்.

ஒருமுறை எல்லோருமாகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழு கிணறு. ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. வாதக்காரர் அங்கே குளித்தால் சுகம் என்று தூர இடத்திலிருந்தும் வருவார்கள். “அவரைக் குளிப்பாட்டக் கொண்டு வந்தனான்” என்று அக்கா பக்கத்தில் நின்ற அறியாத பெண்ணிடம் சொல்ல, அந்தப் பெண் எந்த அவர் என்று சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளி வார்த்து, “இது சூடு காணாதாம்… இது கூடிப்போச்சாம்… ஆ, இதுதானாம்” என்று அக்கா விருந்தாளியின் வாயாகப் பேசிக்கொண்டே குளித்தார். ஆவிக்கு நடுவே அவருடைய சிரிப்பு மட்டும் கேட்டது.

குளித்து முடித்துப் பஸ்சுக்கு நடக்கும்போது அக்கா இரண்டுதரம் நின்றார். மேடு ஒன்றும் இல்லை, நேரான பாதை. நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கினார்.

“என்னக்கா?” என்று உங்கள் அம்மா கேட்டாள்.

“அந்தப் பாரமான மனுசனைத் தூக்கிக்கொண்டெல்லோ நடக்கிறன். மூச்சு வாங்காதோ, பிள்ளை?”

அதற்கும் சிரித்தோம்.

பிறகு ஒருநாள், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “நெஞ்சுக் கூட்டுக்குள்ள எட்டிப் பார்க்கிறார்” என்றார். பின்னேரம் அத்தான் நெஞ்சில் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்தார். வாதம் உடம்பு முழுக்க ஓடித் திரியும் என்று பரியாரியாரும் முன்பே சொல்லியிருந்தாராம். நோவு எங்கே வந்தாலும் அந்த வீட்டில் ஒரே கணக்குத்தான்: விருந்தாளி அறை மாறிவிட்டார், எண்ணெயைச் சூடாக்கு. வேறொருவர் வாசலில் வந்து நிற்கக்கூடும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பிழை வேறு வீட்டில் நடந்திராது. நோவைக் கண்டு பயப்படுகிற வீட்டில் நடந்திராது.

அக்காவின் மகளை மூதூருக்கு அப்பால் தோப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிற, பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீக்குகிற, சடங்குக்கு அக்காவும் அத்தானும் போக ஆயத்தமானார்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டார்கள். அக்கா பேரனுக்கென்று இலவம்பஞ்சில் ஒரு சின்னத் தலையணை தைத்திருந்தார். ஓரம் முழுக்கக் கையால் தைத்த பூ. விரல் இணங்குகிற நேரத்தில் ஒரு இதழ், இணங்காத நாளில் ஒன்றுமில்லை. அப்படியே பிள்ளை வயிற்றில் இருந்த காலம் முழுவதும் தைத்திருந்தார். பேரனைக் கையில் வாங்க வேண்டும். அவருக்கு அப்போது இருந்த ஆசை அது ஒன்றுதான்.

காலை லாஞ்சிக்கு அவரால் ஏலாது, மூட்டுத் திறந்திருக்காது. அதனால் பிந்தி வெளிக்கிடுகிற லாஞ்சிக்கு வந்தார்கள். தண்டையல் காக்கா கைகொடுத்து ஏற்றினார்.

“என்ன தங்கச்சி, ரெண்டு டிக்கட்டா, மூணு டிக்கட்டா? வந்தவரும் வாறாராமே.”

“அவருக்கு அரை டிக்கட் போடுங்கோ காக்கா. மடியிலதான் இருப்பார்.”

“அரை டிக்கட்டா! ஆளு நல்ல பாரமெண்டு எஞ்சின் தம்பி சொல்றாரு. லாஞ்சி ஒரு பக்கமாச் சாயும் புள்ள.”

அக்கா சிரித்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில், தான் தைத்த தையலைத் தடவிப் பார்த்தபடி இருந்தார். நான் கீழே எஞ்சினுக்குப் போனேன்.

அன்றைக்குக் கொட்டியாரக் குடா எண்ணெய் ஊற்றிவைத்ததுபோலக் கிடந்தது. காற்றில்லை. வானமும் தண்ணீரும் ஒரே நிறம். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்ல ஏலாது. எஞ்சின் அறை மூடியைத் திறந்துவைத்திருந்தேன். அதற்குள்ளால் ஒரு துண்டு வானமும் அக்காவின் சேலைத் தலைப்பும் தெரிந்தன. மேலே அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பேரனுக்கு மூக்கு யாருடையது, காது யாருடையது, அழுகை யாருடையது என்று உங்கள் அம்மாவோடு வழக்காடிக்கொண்டிருந்தார். லாஞ்சியில் போகிறோமா, ஆகாயத்தில் மிதக்கிறோமா என்று எனக்கே மயக்கமாக இருந்தது.

குடாவின் நடுவில் அந்தக் குரல் நின்றது.

எஞ்சின் சத்தம் நின்றால் எனக்கு எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது. மேலே ஏறினேன். அக்காவின் முகம் சாம்பல் பூசியதுபோல இருந்தது. காற்றில்லாவிட்டாலும் வெயில் அவ்வளவு இல்லை. அவருக்கோ மேலுதட்டிலும் கழுத்திலும் வியர்வை ஓடியது. வலது கை இடது தோளைப் பிடித்திருந்தது.

அத்தான் அவசரமாகப் பையிலிருந்து எண்ணெயை எடுத்தார். “எந்த அறை? தோளோ?”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அத்தான் தோளில் கை வைத்ததும் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கையைத் தள்ளி நான் கண்டதில்லை.

உங்கள் அம்மா அக்காவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். “அக்கா, வந்தவர் என்ன சொல்லுறார்? சொல்லுங்கோ பாப்பம்.”

அக்காவின் உதடு அசைந்தது. கதை வரவில்லை.

“அக்கா, ஒரு பகிடி சொல்லுங்கோ. ஒண்டே ஒண்டு.”

அக்கா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எங்களுக்குப் பழக்கமான ஆள் இல்லை. உங்கள் அம்மா எழும்பி நின்றாள். அவளுக்கு அப்போது இருபது வயது வந்ததோ என்னவோ. பெரியவர்களுக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள்.

“இது வந்தவர் இல்லை” என்றாள். “இது வேற ஆள். லாஞ்சியைத் திருப்பச் சொல்லுங்கோ.”

“இல்லைப் பிள்ளை” என்றார் அத்தான். எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்தார். “தோளுக்கு முன்னமும் வந்ததுதானே. வாதம் ஓடுறது. ஒத்தடம் குடுத்தா அடங்கும்.”

“தோளுக்கு வந்த நேரம் வேர்த்ததோ அத்தான்? கதை நிண்டதோ?”

அக்கா மெல்ல, “திருப்ப வேண்டாம்… பிள்ளையின்ர முப்பத்தொண்டு…” என்றார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்காகக் காத்திருந்தார். முன்னால் மூதூர்க் கரை, பேரன். பின்னால் நகரம், பெரிய ஆஸ்பத்திரி. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் மங்கலாகத் தெரிந்தன. மூதூரில் இறக்கினால் பேரனிடம் போகலாம். ஆனால் அந்த வியர்வையைப் பார்த்து என்ன செய்வதென்று தெரிந்தவர்களும் அதற்கான சாமான்களும் நகரத்தில்தான் இருந்தன.

காக்கா சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு வந்து குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு போய்விட்டது.

“எங்கட வாப்பாவும் மவுத்தாகக்குள்ள, உசிர் பிரியக்குள்ள, இப்பிடித்தான் வேர்த்தாரு” என்று என் பக்கத்தில் வந்து எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்க, “லாஞ்சி திரும்பப் போகுது. ஆருக்கும் அவசரமெண்டா இப்ப சொல்லிடுங்க” என்றார்.

மூட்டைகளோடு இருந்த மூதூர் வியாபாரி ஒருவர்தான் வாய் திறந்தார். “என்னத்துக்குக் கேக்கிறீங்க காக்கா? திருப்புங்க. சந்தை நாளைக்கும் கூடும்.”

காக்கா சுக்கானை என்னிடமிருந்து வாங்க, லாஞ்சி திரும்பியது. அந்தத் திரும்பலை நான் மறக்கவில்லை. அசையாத தண்ணீரில் வெள்ளையாக ஒரு பெரிய வளையம் விழுந்தது. நாங்கள் நின்ற இடத்தில் நிற்க, கரையும் மலையும் எங்களைச் சுற்றி மெதுவாக நடந்து வந்ததுபோல இருந்தது. மூதூர்க் கரை அக்காவின் முதுகுக்குப் பின்னால் போனது. அவர் அதைத் திரும்பிப் பார்க்க முயன்றார். உங்கள் அம்மா அவருடைய தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். நான் கீழே ஓடி, எஞ்சினிடம் இருந்த பலம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன்.

இறங்குதுறையில் நின்ற லொறி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் வயர்களைப் பூட்டிப் பார்த்தார்கள். மாரடைப்பு என்றார்கள். இன்னும் பிந்தியிருந்தால் சொல்ல ஏலாது என்றார்கள். அன்றும் அடுத்த நாளும் அக்கா கண்ணை மூடிக் கிடந்தார். ஓட்சிசன் குழாய்க்குள் மூச்சுப் போய் வருகிற சத்தம் தூரத்து அலை மாதிரிக் கேட்டது. அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தார். கேட்பதற்கு அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் பழக்கம். அதையும் இப்போது கேட்க ஏலாமல் இருந்தார்.

மூன்றாம் நாள் கண் தெளிந்தது. அந்த வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு இளம் டாக்டர். யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு.

“அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?”

“இல்லை.”

“பிரசர் எண்டு ஆரும் சொன்னவையோ?”

“இல்லை.”

“சுருட்டுக் கிருட்டு?”

“அது இவர். நான் புகையை மட்டும் குடிக்கிறனான்.”

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவின் கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தார். நெஞ்சைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். வெளியே வந்து என்னிடமும் அத்தானிடமும் சொன்னதை என்னால் இயன்ற அளவு எழுதுகிறேன்.

இந்த வாதம் மூட்டோடு நிற்கிற வருத்தம் இல்லையாம். உடம்பின் காவல் தன் சொந்த வீட்டையே கள்ளன் வீடு என்று நினைத்து அடிக்கிறதாம். அந்த அடியில் வருகிற வீக்கமும் சூடும் மூட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. இரத்தக் குழாய்க்குள் நடப்பது தெரிவதில்லை. “முழுக்க எங்களுக்கும் விளங்கேல்ல. ஆனா, மூட்டு இப்பிடிக் கன வருசம் வீங்கிக் கிடக்கிறவைக்கு இதயமும் வேளைக்கு, வயசுக்கு முதலே, பழுதாகிறதை நான் கண்டிருக்கிறன்” என்றார். இன்னொன்றும் சொன்னார். இவர்கள் நோவுக்குப் பழகின ஆட்கள். நெஞ்சு நோ வந்தாலும் அதையும் வாதத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். கூட இருப்பவர்களும் அப்படியே நினைப்பார்கள். நடக்கவே கஷ்டமானவர் என்பதால், நடந்தால் இளைக்கிறது என்பதும் வெளியில் வராது.

பிற்காலத்து டாக்டர்மார் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறார்கள். மூட்டு வாதம் உள்ளவருக்கு மற்றவர்களைவிட மாரடைப்புக்கு இடம் அதிகம். ஆகவே வீக்கத்தை மருந்தால் அடக்கிவைக்க வேண்டும், அது மூட்டுக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் நல்லது. பிரசர், சீனி, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகை கூடாது. இயன்ற அளவு நடக்க வேண்டும். நெஞ்சு பாரித்தாலோ, தோளும் தாடையும் இழுத்து வியர்த்தாலோ, எண்ணெய் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிள்ளைகளே, உங்களில் ஒருவருக்கோ உங்கள் வீட்டில் வேறு யாருக்கோ காலையில் விரல் திறக்கவில்லை என்றால், விரலோடு நின்றுவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதத் தொடங்கினதும் அக்கா முன்னால் வந்து இருந்துவிட்டார்.

அவர் அதன்பிறகும் சில வருடங்கள் இருந்தார். பேரன் நடந்ததையும் ஓடினதையும் கண்டார். அது பிறகு. இந்தக் கதை முடிகிற இடம் ஆஸ்பத்திரிதான்.

மகள் பிள்ளையைக் கொண்டு வந்தாள். பச்சைப்பிள்ளையைக் கடல் கடத்தக் கூடாது என்று மாமியார் மறித்தாராம். ஆனாலும் வந்துவிட்டாள். காக்கா தன் சட்டையைக் கழற்றி நிழல் பிடித்துக்கொண்டு வந்தாராம். பிள்ளையை அக்காவின் பக்கத்தில் கட்டிலில் கிடத்தினாள். அக்கா கையில் வாங்கவில்லை. வாங்க ஏலாது. விரலின் பின்புறத்தால் அவனுடைய காதைத் தொட்டார், பிறகு மூக்கை. “மூக்கு இவரின்ரதான்” என்றார். அத்தான் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் டாக்டர் வந்தார்.

“வீட்டுக்குப் போகலாமோ டாக்டர்?” அக்கா கேட்டார். “இந்தப் பேரனோட கொஞ்ச நாள் இருக்க வேணும்.”

“போகலாம். ஆனா அதுக்கு முதல் எனக்கு ஒரு உதவி செய்ய வேணும். உங்களுக்கு எங்கெங்க நோகுது எண்டு சொல்லுங்கோ.”

“வந்தவர் இண்டைக்கு…”

“விருந்தாளிக் கதையை இவை எனக்குச் சொன்னவை, அம்மா. நல்ல கதை. அந்தக் கதையாலதான் உங்கட நெஞ்சு நோ எங்களுக்குத் தெரியாமல் போனது. அடுத்த முறையும் அப்பிடிச் சொன்னா, இந்தப் பேரனுக்கு உங்களைத் தெரியாமல் போகும். நேராச் சொல்லுங்கோ. எங்கை நோகுது?”

வார்டின் யன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் அசையாமல் கிடந்தது. அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலது கையை டாக்டரிடம் நீட்டினார்.

“இந்த மணிக்கட்டு நோகுது” என்றார்.

“ம்.”

“மற்றதும் நோகுது. விரல் எல்லாம். ரெண்டு தோளும். கழுத்துத் திருப்ப ஏலாது. முழங்கால். கணுக்கால். பாதத்துக்குக் கீழ, கல்லு மேல நடக்கிற மாதிரி. சாப்பிடக்குள்ள தாடையும் நோகுது, டாக்டர்.”

“இண்டைக்கோ?”

“எப்பவும்.”

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, நெஞ்சின் நோ எப்படி இருந்தது, இந்த நோக்களிலிருந்து அது எப்படி வேறு என்று இன்னும் கொஞ்சம் கேட்டார். அக்கா ஒரு பகிடியும் இல்லாமல் சொன்னார். அது நோவே இல்லை, ஆரோ நெஞ்சில் ஏறி இருந்த மாதிரி என்றார். அப்படி வந்தால் உடனே வாய்விட்டுச் சொல்வேன் என்று டாக்டரிடம் ஒத்துக்கொண்டார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அத்தான் வாங்கை அக்காவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

“ஒரு நாளைக்கு ஒரு அறை எண்டல்லோ எனக்குச் சொன்னனீ?”

அக்கா அவரைப் பார்க்காமல், பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பின்ன என்ன செய்யிற? பகல் முழுக்கக் கயிறு இழுத்துப்போட்டு வாற மனுசன். உங்களுக்கு இருக்கிறது ரெண்டு கைதானே.”

அத்தான் எழும்பினார். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வையை ஒதுக்கி, எண்ணெய் இல்லாமல் வெறுங்கையால், பாதத்திலிருந்து தொடங்கினார்.